பின்னச்சில் எந்த எண்? சூப்பர்சார்ஜர் பொருத்திய மகிழுந்தும் பற்சக்கர விகிதமும்

"வேகமா போகணும்னா பின்னால பெரிய நம்பர் கியர் போட்டா போதும், சார்." மகிழுந்துப் பித்துப் பிடித்த மாணவர்கள் வகுப்பில் அடிக்கடி சொல்வது இது. தேர்வுத்தாளிலும் இதே கருத்து வேறு உடையில் வந்துவிடுகிறது: "பற்சக்கர விகிதம் கூடினால் வாகனத்தின் வேகம் கூடும்." இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரை பேசப்போகிறது. விகிதம், முறுக்குவிசை, உராய்வு ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்தவர்கள், மூன்றும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதை இங்கே பார்க்கலாம். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்த வசதியாகக் கணக்குகளை முழுமையாகவே செய்து காட்டியிருக்கிறேன். கையில் ஒரு கணிப்பொறி இருந்தால் கூடவே தட்டிப் பாருங்கள்.

எடுத்துக்கொண்ட உதாரணம் அமெரிக்காவினுடையது. காரணம் எளிது. நம் சாலைகளில் ஓடும் மகிழுந்துகளில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அவற்றில் இறுதி விகிதம் கியர்பெட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். யாரும் அதை எளிதில் தொட மாட்டார்கள். அமெரிக்காவில் பின்சக்கரங்களைச் சுழற்றும் மஸ்டாங் போன்ற வண்டிகளுக்குப் பின்னச்சுக் கியர்கள் தனியாகவே கடையில் கிடைக்கும். "3.73 போடவா, 4.10 போடவா?" என்பது அங்கே பட்டறைக்குப் பட்டறை நடக்கும் வாதம். சூப்பர்சார்ஜர் பொருத்திய வண்டி என்றால் வாதம் இன்னும் சூடாகும்.

விகிதம் எங்கே இருக்கிறது?

இயந்திரத்தின் சுழற்சி முதலில் கியர்பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து நீளமான ஒரு தண்டு வண்டியின் அடியில் பின்னோக்கிப் போய், பின்னச்சின் நடுவே உள்ள ஒரு சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் பெயர் பினியன். பினியனோடு கோத்துக்கொண்டு சுழல்வது பெரிய ரிங் கியர். சக்கரங்கள் ரிங் கியரோடு சேர்ந்து சுழலும். ரிங் கியரின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் பின்னச்சு விகிதம்.

ஃபோர்டு நிறுவனத்தின் 8.8 அங்குல பின்னச்சை எடுத்துக்கொள்வோம். 3.27 என்பது 36 பல்லும் 11 பல்லும். 3.55 என்பது 39-உம் 11-உம். 3.73 என்றால் 41-உம் 11-உம், 4.10 என்றால் 41-உம் 10-உம். அதாவது 4.10 விகிதத்தில் தண்டு 4.1 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். சுற்று குறைகிறது, முறுக்குவிசை அதே மடங்கு பெருகுகிறது. நம் ஊர் கப்சாய் மோட்டார்சைக்கிளில் பையன்கள் சங்கிலிச் சக்கரத்தை மாற்றுகிறார்களே, அதுவும் இதே வேலைதான். முன்னால் 14 பல், பின்னால் 35 பல் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 2.5. பின்னால் 42 பல் போட்டால் 3.0. "பிக்கப் வந்திருச்சு, டாப் போயிருச்சு" என்று அவர்கள் சொல்வது இயற்பியல்படி மிகச் சரியான வாக்கியம்.

கணித ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு சின்ன விருந்து இருக்கிறது. 36-உம் 11-உம், 39-உம் 11-உம், 41-உம் 10-உம் ஆகிய சோடிகளைப் பாருங்கள். எதிலும் பொதுக் காரணி 1 மட்டுமே. 40-உம் 10-உம் போட்டு 4.00 என்று அழகாக முடித்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை? அப்படிச் செய்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் ரிங் கியரின் அதே நான்கு பற்களை மட்டும் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அந்த நான்கும் சீக்கிரம் தேயும். பொதுக் காரணி இல்லாதபோது ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் சமமாகப் பரவுகிறது. மீப்பெரு பொதுக் காரணியை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம்.

சொல்லாட்சி பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறைப் பேச்சில் 4.10-ஐச் சிலர் 'பெரிய கியர்' என்பார்கள், சிலர் 'சின்ன கியர்' என்பார்கள். முதல்வர் எண்ணைப் பார்க்கிறார்; அடுத்தவர் அது எட்டும் வேகத்தைப் பார்க்கிறார். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. விடை எழுதும்போது "எண்ணில் பெரிய விகிதம்" என்று முழுமையாக எழுதிவிடுங்கள், தகராறே வராது.

இரண்டு மஸ்டாங், ஒரே 4.10

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2001 முதல் 2004 வரை வந்த மஸ்டாங் ஜிடியில் 4.6 லிட்டர் இயந்திரம், 260 குதிரைத்திறன், உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 409 நியூட்டன் மீட்டர். ஐந்து கியர் பெட்டியில் முதல் கியர் 3.38, இரண்டாம் கியர் 2.00. பின்னச்சு 3.27. சூப்பர்சார்ஜர் கிடையாது, காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் இயந்திரம்.

அதே காலத்தில், 2003-இலும் 2004-இலும், ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவை விற்றது. இதிலும் 4.6 லிட்டர்தான். ஆனால் மேலே ஈட்டன் நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தது. சூப்பர்சார்ஜர் என்பது இயந்திரத்தாலேயே பெல்ட் வழியாகச் சுழற்றப்படும் காற்றழுத்தி. அது கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும். கூடுதல் காற்றுக்கு ஏற்பக் கூடுதல் எரிபொருள் எரியும். விளைவு: 390 குதிரைத்திறன், 529 நியூட்டன் மீட்டர். அந்த 529-உம் நிமிடத்துக்கு 3,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். கியர்பெட்டி ஆறு கியர் கொண்டது: 2.66, 1.78, 1.30, 1.00, 0.80, 0.63. பின்னச்சு 3.55.

கவனித்தீர்களா? சக்தி அதிகமான வண்டிக்குத்தான் எண்ணில் பெரிய பின்னச்சு. "பார்த்தீங்களா, ஃபோர்டே பெரிய நம்பர்தான் போட்டிருக்கான்" என்று ஒரு மாணவர் துள்ளக்கூடும். அவசரப்பட வேண்டாம். சக்கரத்துக்குப் போவது பின்னச்சு எண் மட்டுமல்ல, கியர்பெட்டியும் பின்னச்சும் சேர்ந்த பெருக்குத்தொகை. முதல் கியரில் ஜிடிக்கு 3.38 × 3.27 = 11.05. கோப்ராவுக்கு 2.66 × 3.55 = 9.44. ஆக, சூப்பர்சார்ஜர் உள்ள வண்டிதான் குறைவாகப் பெருக்குகிறது. பின்னச்சின் எண்ணைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, ஒரு பாடத்தின் மதிப்பெண்ணை வைத்து மாணவரின் மொத்தத் தேர்ச்சியைச் சொல்வது போல.

இப்போது டயர் சாலையை எவ்வளவு விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது என்று பார்ப்போம். சூத்திரம் கடினமில்லை. முறுக்குவிசையை கியர்பெட்டி விகிதத்தாலும் பின்னச்சு விகிதத்தாலும் பெருக்கி, டயரின் ஆரத்தால் வகுக்க வேண்டும். வழியில் உராய்வில் 15 விழுக்காடு வீணாகிறது என்று வைத்துக்கொண்டு 0.85-ஆலும் பெருக்குவோம். இரண்டு வண்டிகளின் டயரும் ஏறத்தாழ ஒரே உயரம், ஆரம் 0.326 மீட்டர்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது டயரின் பிடி. கோப்ரா, ஓட்டுநரையும் சேர்த்து, 1,750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேகம் எடுக்கும்போது வண்டி பின்னால் சாயும். எடையில் பாதி பின்சக்கரங்களில் இருக்கிறது என்று கொள்வோம். உராய்வுக் கெழு, நல்ல காய்ந்த சாலையில், 1. அப்படியானால் பிடியின் எல்லை 1,750 × 9.8 ÷ 2, அதாவது சுமார் 8,580 நியூட்டன். இதைத் தாண்டி இயந்திரம் எவ்வளவு கொடுத்தாலும் அது வண்டியைத் தள்ளாது. டயர் வழுக்கிச் சுழலும், புகை வரும், அவ்வளவுதான்.

கோப்ராவின் முதல் கியரில், 3.55 பின்னச்சோடு, கிடைக்கும் விசை: 529 × 2.66 × 3.55 × 0.85 ÷ 0.326. விடை சுமார் 13,000 நியூட்டன். பிடிக்கக்கூடியதோ 8,580. பின்னச்சை 4.10-ஆக்கினால் விசை 15,000 ஆகும். ஏற்கெனவே 4,400 நியூட்டன் வீணாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் 2,000-ஐக் காசு கொடுத்து வாங்கி வீணாக்குகிறோம்.

இரண்டாம் கியரில்தான் கதை தெளிவாகிறது. 3.55-இல் விசை சுமார் 8,720 நியூட்டன். பிடியின் எல்லையோடு ஒட்டி நிற்கிறது பாருங்கள். பெரும்பாலும் வலக்காலைப் பதமாக வைத்தால் டயர் பிடித்துக்கொள்ளும். 4.10-இல் அதே இரண்டாம் கியர் 10,070 நியூட்டன் தருகிறது. ஆக, முதல் கியரோடு இரண்டாம் கியரும் வழுக்கல் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இதே கணக்கை ஜிடிக்குச் செய்யுங்கள். வண்டி இலேசானது, ஓட்டுநரோடு 1,570 கிலோ என்று கொண்டால் பிடியின் எல்லை சுமார் 7,690 நியூட்டன். இரண்டாம் கியரில் 3.27 பின்னச்சு தருவது 6,970. இடைவெளி இருக்கிறது! 3.73 போட்டால் 7,960. எல்லையைத் தொட்டு நிற்கிறது. ஜிடி வைத்திருப்பவர்கள் 3.73 போட்டுவிட்டு "வண்டி வேற மாதிரி ஆயிருச்சு" என்று மகிழ்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கோப்ராக்காரர் 4.10 வாங்குவதில்தான் சிக்கல்.

"சரி சார், மூணாம் கியர்ல என்ன ஆகும்? அங்க பிடி இருக்குமே?" என்று கேட்கும் மாணவருக்கு முழு மதிப்பெண். மூன்றாம் கியரில் 3.55 தருவது சுமார் 6,370 நியூட்டன், 4.10 தருவது 7,350. இரண்டுமே பிடியின் எல்லைக்குள். ஆகவே கியருக்குக் கியர் ஒப்பிட்டால் 4.10 முந்துகிறது. ஆனால் சாலையில் கியருக்குக் கியர் போட்டியில்லை, வேகத்துக்கு வேகம்தான் போட்டி. இயந்திரத்தின் எல்லை 6,500 சுழற்சி என்று வைத்துக்கொண்டால், 3.55 வண்டியின் இரண்டாம் கியர் மணிக்கு 126 கிலோமீட்டர் வரை போகும். 4.10 வண்டியின் இரண்டாம் கியர் 110-லேயே முடிந்துவிடும். 110-இலிருந்து 126 வரை 4.10 வண்டி மூன்றாம் கியரில் இருக்கிறது, 3.55 வண்டி இன்னும் இரண்டாம் கியரில். அந்தத் துண்டில் யார் கை ஓங்கும்? 3.55-தான். அடுத்த துண்டில் 4.10 முந்தும், மூன்றாம் கியர் 150-இல் தீர்ந்ததும் மறுபடி 3.55 முந்தும், 173 வரை. இப்படிக் கொடுத்தும் வாங்கியும் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. ஓட்டம் முழுவதையும் பார்த்தால் வண்டியை முடுக்குவது திறன். விகிதம் அந்தத் திறனை எந்த வேகங்களில் பங்கிடுவது என்று மட்டும் முடிவு செய்கிறது. கீழ்ச் சுழற்சியிலேயே நிறைய முறுக்குவிசை உள்ள சூப்பர்சார்ஜர் இயந்திரத்துக்கு இந்தப் பங்கீட்டில் அவ்வளவு உதவி தேவைப்படாது.

ஃபோர்டு நிறுவனமே பிறகு செய்ததைப் பாருங்கள். 2012 மஸ்டாங் பாஸ் 302 சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டி, 444 குதிரைத்திறன், பின்னச்சு 3.73. அதே ஆண்டின் ஷெல்பி ஜிடி500-இல் சூப்பர்சார்ஜர், 550 குதிரைத்திறன், பின்னச்சு 3.55. மறு ஆண்டு, 2013-இல், ஜிடி500-இன் திறன் 662-க்கு ஏறியது. பின்னச்சு எண் ஏறியதா? இல்லை, 3.31-க்கு இறங்கியது. திறன் ஏற ஏற எண் இறங்கியிருக்கிறது. இதை அட்டவணையாகப் போட்டு "ஏன்?" என்று மட்டும் கேட்டால் நல்லதொரு சிந்தனை வினா கிடைத்துவிடும்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம் கொடுத்தால் மாணவர்கள் இன்னும் விழித்துக்கொள்வார்கள். டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட், 2015, சூப்பர்சார்ஜரோடு 707 குதிரைத்திறன். தானியங்கிக் கியர்பெட்டி உள்ள வண்டியின் பின்னச்சு வெறும் 2.62. "அவ்ளோ சின்னதா!" என்று தோன்றும். ஆனால் அந்த எட்டு கியர் பெட்டியின் முதல் கியர் 4.71. பெருக்கினால் 12.3 வருகிறது, ஜிடியின் 11.05-ஐ விட அதிகம். மறுபடியும் அதே பாடம்: தனி எண்ணை நம்பாதே, பெருக்கிப் பார்.

எல்லா சூப்பர்சார்ஜரும் ஒன்றல்ல

கோப்ராவில் இருந்தது ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றை அள்ளித் தள்ளும் வகை. பெயர் எம்112, ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.8 லிட்டர். இவ்வகை மெதுவான சுழற்சியிலேயே அழுத்தம் தரும். மிதித்த உடனே வண்டி பாயும். மேலே செய்த கணக்கெல்லாம் இதற்குப் பொருந்தும்.

வேறொரு வகை உண்டு: மையவிலக்கு சூப்பர்சார்ஜர். வோர்டெக், பாக்ஸ்டன் என்ற பெயர்களில் விற்பவை இவ்வகையைச் சேர்ந்தவை. விசிறி போன்ற ஒரு சக்கரம் மிக வேகமாகச் சுழன்று காற்றை வெளிநோக்கி வீசி அழுத்தும். இதில் அழுத்தம் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். 6,000 சுழற்சியில் 8 அலகு அழுத்தம் என்றால் 3,000-இல் நான்கு அல்ல, சுமார் இரண்டுதான். கீழே அமைதி, மேலே ஆவேசம். இப்படிப்பட்ட வண்டியில் எண்ணில் கொஞ்சம் பெரிய பின்னச்சு நியாயமானதே. இயந்திரம் சீக்கிரம் மேல் சுழற்சிக்கு ஏறி, அழுத்தம் உள்ள இடத்தில் அதிக நேரம் நிற்கும். ஜிடியில் மையவிலக்கு வகையைப் பொருத்தியவருக்கு 3.55 அல்லது 3.73 என்பேன். அள்ளித் தள்ளும் வகையைப் பொருத்தியவர் 3.27-ஐத் தொடாமல் முதலில் நல்ல டயர் வாங்கட்டும். இது என் கருத்து. ஆனால் மேலே உள்ள நியூட்டன் கணக்கு என் பக்கம் நிற்கிறது.

மழை பெய்தால்

வீதியில் ஓடும் வண்டி என்றால் மழையும் கணக்கில் வரவேண்டும். நம் நாட்டில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. நனைந்த சாலையில் உராய்வுக் கெழு 0.6 என்று எடுத்துக்கொண்டால் கோப்ராவின் பிடி சுமார் 5,150 நியூட்டனாக விழுகிறது. நான்காம் கியர் 1.00, பின்னச்சு எண் அப்படியே சக்கரத்துக்குப் போகும். 3.55-இல் முழு மிதியில் விசை சுமார் 4,900. பிடிக்குள் இருக்கிறது. 4.10-இல் 5,660. பிடியைத் தாண்டிவிட்டது! உச்ச முறுக்குவிசை வரும் 3,500 சுழற்சியில் அந்த வண்டியின் வேகம் மணிக்கு 105 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில், மழையில், ஒரு லாரியை முந்துவதற்காக நான்காம் கியரிலேயே மிதிக்கிறார் என்று கற்பனை செய்யுங்கள். பின்சக்கரங்கள் வழுக்கத் தொடங்கினால் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் போகும். பின்னச்சுக்குள் 11 பல்லுக்குப் பதில் 10 பல் பினியனும், 39-க்குப் பதில் 41 பல் ரிங் கியரும் வந்ததன் விளைவு இது. இதே கணக்கில் மூன்றாம் கியரில் 3.55-உம் வழுக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது. 6,370 எங்கே, 5,150 எங்கே! இவ்வளவு சக்தியுள்ள வண்டியை மழையில் மெதுவாகத்தான் மிதிக்க வேண்டும். ஆனாலும் ஒரு கியர் பாதுகாப்பாக இருப்பதற்கும் அதுவும் இல்லாமல் போவதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

நெடுஞ்சாலைக் கணக்கு

டயரின் சுற்றளவு சுமார் 2.05 மீட்டர். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது நம் நெடுஞ்சாலையின் உச்ச வரம்பு. அமெரிக்காவின் 70 மைலும் கிட்டத்தட்ட இதுதான். இந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 894 முறை சுற்றும். கோப்ராவின் ஆறாம் கியர் 0.63. 3.55 பின்னச்சோடு இயந்திரம் 894 × 0.63 × 3.55, அதாவது சரியாக 2,000 சுழற்சியில் ஓடும். 4.10-இல் 2,310. கூடுதல் 310 சுழற்சி உயிரை வாங்காது. ஆறாம் கியர் இருப்பதால் தப்பித்தோம்.

அது இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். 1960-களின் அமெரிக்க வண்டிகளில் நான்கு கியர், நான்காவது 1.00. இதே அளவு டயரும் 4.10 பின்னச்சும் என்றால் 110-இல் 3,670 சுழற்சி. இரண்டு மணி நேரப் பயணத்தில் காது அடைத்துவிடும்; எரிபொருளும் தண்ணீராய்ப் போகும். பழைய வண்டிக்கு சூப்பர்சார்ஜர் பொருத்துபவர்கள் பின்னச்சைத் தொடுமுன் ஐந்தோ ஆறோ கியர் உள்ள பெட்டியைத் தேடுவது இதனால்தான்.

மாற்றுவதற்கு முன்

இதை மாற்றுவது டயர் மாற்றுவது போன்ற வேலை அல்ல. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும், பற்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் மில்லிமீட்டரின் பத்தில் இரண்டு, மூன்று பங்கு அளவில் பார்க்கப்படும். பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, எந்த இடத்தில் தடம் விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்வார்கள். தவறினால் நெடுஞ்சாலையில் ஊளையிடும் சத்தம் வந்துகொண்டே இருக்கும்; பிறகு பல் தேயும். புதிய கியரை முதல் சில நூறு கிலோமீட்டர் சூடேறாமல் பதமாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

சூப்பர்சார்ஜர் வண்டிக்கு இன்னொரு கவலை. ரிங் கியரின் விட்டம் மாறாது, 8.8 அங்குலம்தான். அதற்குள் விகிதத்தைக் கூட்ட வேண்டுமானால் பினியன் சிறுக்க வேண்டும். 11 பல்லிலிருந்து 10 பல். சிறிய பினியனில் ஒரே நேரத்தில் கோத்துக்கொள்ளும் பற்களும் குறைவு. முறுக்குவிசை 409-இலிருந்து 529-க்கு ஏறிய வண்டியில், சுமை தாங்கும் உறுப்பை நாமே சிறிதாக்குகிறோம். இது நியாயமா என்று மாணவர்களை விவாதிக்கச் சொல்லலாம்.

வேகமானியும் குழம்பும். பல வண்டிகளில் அது கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் சுழற்சியை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. பின்னச்சு மாறியது அதற்குத் தெரியாது. இதிலிருந்தே பயிற்சிக்கு இரண்டு கணக்கு.

ஒன்று. 3.55-ஐ எடுத்துவிட்டு 4.10 பொருத்திய வண்டியில் வேகமானியைத் திருத்தவில்லை. அது 110 காட்டும்போது உண்மை வேகம் என்ன? தண்டு இப்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சுற்றுகிறது. ஆகவே காட்டுவது உண்மையை விடக் கூடுதல். 110 × 3.55 ÷ 4.10 = 95.2. மாணவர்கள் இங்கே பின்னத்தைத் தலைகீழாகப் போட்டு 127 என்று எழுதுவார்கள். 127 என்பது உண்மை வேகம் 110 ஆக இருக்கும்போது வேகமானி காட்டும் எண். வினாவை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு. பின்னச்சை 3.55-இலேயே வைத்துக்கொண்டு, 652 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரை 680 மில்லிமீட்டர் டயராக மாற்றுகிறார். பழைய டயரோடு ஒப்பிட்டால் இது எந்தப் பின்னச்சு விகிதத்துக்குச் சமம்? 3.55 × 652 ÷ 680 = 3.40. ஒரு பல்லைக்கூடத் தொடாமல் விகிதம் மாறிவிட்டது. இப்போது கோப்ராவின் இரண்டாம் கியர் விசையை மாணவர்களே மறுபடி கணக்கிடட்டும். 8,720 என்பது சுமார் 8,360 ஆகக் குறைந்து, 8,580 என்ற பிடியின் எல்லைக்குள் வந்திருக்கும்.